விண்ணப்பத்திற்கு முந்திய ஈராண்டுகள்

நுழையும்முன்

கல்லூரிப் பயணம் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் நாளில் தொடங்குகிறது என்று பலரும் எண்ணுகின்றனர். அன்று முடிவாவது சிறிதளவே. பெரும்பகுதி அதற்கு முன்பே, மேல்நிலைப் பள்ளியின் ஈராண்டுகளில், பல வேளைகளில் மாணவர் அறியாமலேயே முடிவாகிவிடுகிறது. அந்த ஈராண்டுகளில் என்ன நிகழ்கிறது, என்ன நிகழக்கூடும் என்பதை இக்கட்டுரை பேசுகிறது.

இ-சேவை மையத்தில் ஒரு கேள்வி

மே மாதத்தின் நடுவில் தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் இ-சேவை மையங்களில் ஒரு கூட்டத்தைக் காணலாம். மகனையோ மகளையோ அழைத்துக்கொண்டு, சான்றிதழ்களைத் துணிப்பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டு, அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்த பெற்றோர் அங்கே காத்திருப்பர். முறை வந்ததும் கணினியின் முன் அமர்ந்திருப்பவர், "எந்தக் கோர்ஸ் போடணும்?" என்று கேட்பார். பெற்றோர் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பர். பிள்ளை திரையைப் பார்க்கும். பின்னால் நிற்போர் அவசரப்படுத்துவர். "எது நல்லதோ அதைப் போடுங்க சார்" என்னும் விடை கடைசியில் வரும். அடுத்த நான்காண்டுகளை, சில வேளைகளில் நாற்பது ஆண்டுகளை, அறிமுகமில்லாத ஒருவரின் விரல்கள் தீர்மானித்துவிடும். அவர்மீது குறை காண இயலாது. அவர் கேட்டது சரியான கேள்வியே. ஆனால் அது இரண்டு ஆண்டுகள் தாமதமாகக் கேட்கப்பட்டது.

இந்தத் தாமதத்திற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1978-க்கு முன் தமிழ்நாட்டில் பதினோராண்டுப் பள்ளிக்கல்வி முடிந்ததும் மாணவர் கல்லூரிக்குள் நுழைந்துவிடுவர். அங்கே ஓராண்டு புகுமுக வகுப்பு நடைபெறும். அந்த ஓராண்டில் பட்ட வகுப்பு மாணவரோடு ஒரே வராந்தாவில் நடந்து, ஆய்வகங்களையும் நூலகத்தையும் கண்டு, எந்தத் துறையில் எத்தகைய பேராசிரியர் இருக்கிறார், அதைப் படித்தவர் எங்கே போகிறார் என்பதையெல்லாம் கேட்டறிந்த பிறகே பட்டப்படிப்புக்குரிய பாடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. 1978-இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோது இப்பருவம் பள்ளிக்குள் வந்தது. நகரத்திற்குச் செல்ல இயலாத கிராமத்துப் பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இதனால் விளைந்த நன்மை பெரிது. ஆயினும் கல்லூரியைக் கண்ணால் கண்டபின் முடிவெடுக்கும் வாய்ப்பு மறைந்தது. கல்லூரியையே காணாதவர் கல்லூரிப் படிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை உருவாயிற்று.

அறிந்த வீடும் அறியாத வீடும்

பட்டதாரிகள் உள்ள வீட்டில் உயர்கல்வித் திட்டமிடல் என்று தனியாக ஒன்று நடப்பதில்லை. இரவு உணவின்போது சித்தப்பா தம் அலுவலகத்தைப் பற்றிச் சொல்வார். அத்தை மகள் எழுதிய நுழைவுத்தேர்வைப் பற்றிப் பேச்சு வரும். "அந்தக் கல்லூரியில் விடுதி சரியில்லை" என்று ஒருவர் கூற, "ஆனால் அந்தத் துறை நன்று" என்று மற்றொருவர் மறுப்பார். பத்தாம் வகுப்பு முடிப்பதற்குள் அவ்வீட்டுப் பிள்ளையின் காதில் நூறு செய்திகள் விழுந்திருக்கும். அவற்றைத் தான் கற்றதாகவே அப்பிள்ளை உணர்ந்திராது.

பட்டதாரி இல்லாத வீட்டில் அன்பு குறைவதில்லை. உழைப்பும் ஈகமும் பெரும்பாலும் மிகுதியே. அங்கு இல்லாதது செய்தி. அவ்வீட்டுப் பிள்ளை 550 மதிப்பெண் பெற்றாலும், அந்த மதிப்பெண் எந்த வாசலைத் திறக்கும் என்று சொல்ல அங்கே ஆளில்லை. மாணவர்க்கிடையே உள்ள வேறுபாட்டை மதிப்பெண்ணால் அளப்பதே வழக்கமாகிவிட்டது. பல வேளைகளில் உண்மையான வேறுபாடு இங்கேதான் இருக்கிறது.

இதற்குப் பெருஞ்சான்று ஆ. ப. ஜெ. அப்துல் கலாமின் வாழ்க்கை. இராமேசுவரத்துப் படகுக்காரர் ஒருவரின் மகன் அவர். தந்தை பெரும் செல்வரும் அல்லர். முறையான கல்வி மிகுதியாகப் பெற்றவரும் அல்லர். இராமநாதபுரத்தில் பள்ளிக்கல்வியை முடித்துவிட்டு 1950-இல் திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் இன்டர்மீடியட் வகுப்பில் சேர்ந்தார். தொடர்ந்து அங்கேயே இயற்பியல் பட்டம் படித்தார். அந்தப் பட்டப்படிப்பில் சேர்ந்தபோது வேறு உயர்கல்வி வாய்ப்புகள் உண்டு என்பதே தமக்குத் தெரியாது என்று 'அக்னிச் சிறகுகள்' நூலில் அவர் பதிவுசெய்திருக்கிறார். அறிவியல் படித்தவருக்கு என்னென்ன பணிகள் உண்டு என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. பட்டம் பெற்ற பிறகே, தமக்குரிய துறை இயற்பியல் அன்று, பொறியியல் என்று உணர்ந்தார். இன்டர்மீடியட் முடித்தவுடனேயே பொறியியலில் சேர்ந்திருக்கலாமே என்னும் எண்ணமும் அதன் பிறகே வந்தது.

இங்கே சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். பின்னாளில் ஏவுகணைகளை வடிவமைத்த ஒருவருக்கே, ஏறத்தாழ இருபது வயதில், பொறியியல் கல்லூரிக்கு அப்போதே விண்ணப்பிக்கலாம் என்று சொல்ல அருகில் எவரும் இல்லை. குறைவாக இருந்தது அறிவா? ஆர்வமா? இரண்டும் அல்ல, ஒரு செய்தி மட்டுமே.

அதன்பின் சென்னை குரோம்பேட்டையிலுள்ள எம்.ஐ.டி. நிறுவனத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. சேர்க்கைக்கு ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. அன்று அக்குடும்பத்திற்கு அது பெருந்தொகை. தமக்கை ஜோஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துத் தம்பியை அனுப்பினார். தமக்கையின் ஈகத்தைச் சொல்லி நெகிழ்வோர் பலர்; நெகிழத்தக்கதே அது. அந்த ஈகத்திற்கு முன் நிகழ்ந்த கால இழப்பையும் கலாமே எழுதிவைத்தார் என்பதைச் சொல்வோர் குறைவு.

காலம் அறிதல்

திருக்குறளின் பொருட்பாலில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. அரசர்க்கென வகுக்கப்பட்டவை அவை. மேல்நிலை வகுப்பு மாணவர்க்கும் அவை பொருந்துவது வியப்பன்று. அவற்றுள் மாணவர் பெரிதும் தவறவிடுவது மூன்றாவதை.

மார்ச்சில் பொதுத்தேர்வு, மே மாதத்தில் முடிவு, பிறகு விண்ணப்பம் என்பதே பலரின் மனத்திலுள்ள வரிசை. மாநிலத்தின் பொறியியல், கலை அறிவியல் கல்லூரிகளுக்கு இவ்வரிசை பொருந்தும். ஆனால் இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களுக்கும் தேசியத் தொழில்நுட்பக் கழகங்களுக்கும் வாசலான ஜே.இ.இ. முதன்மைத் தேர்வின் முதற்கட்டம் அண்மை ஆண்டுகளில் ஜனவரியிலேயே நடந்துவருகிறது. அதற்கு விண்ணப்பிக்கும் காலம் அதற்கும் முன்பே முடிந்துவிடும். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வோ டிசம்பரில் நடைபெறுகிறது. அரையாண்டுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் ஒரு மாணவர், தாம் கனவு கண்ட வாசல் அந்த வாரத்திலேயே மூடப்பட்டதை அடுத்த ஆண்டு மே மாதத்தில்தான் அறிவார். தேசியப் பாதுகாப்புக் கழகத் தேர்வும் பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும்போதே எழுதத்தக்கது. 2021-இல் உச்ச நீதிமன்றம் வழிவிட்ட பிறகு அதன் கதவு பெண்களுக்கும் திறந்திருக்கிறது. மருத்துவத்திற்கான நீட் தேர்வு மே மாதத்தில் நடைபெற்றாலும் விண்ணப்பம் அதற்குச் சில மாதங்கள் முன்பே பெறப்படுகிறது.

ஆகவே பதினொன்றாம் வகுப்பில் செய்யத்தக்க முதற்பணி எளியது. ஒரு நாட்காட்டியில் இத்தேர்வுகளின் விண்ணப்ப மாதங்களைக் குறித்து வீட்டுச் சுவரில் மாட்டிவிடலாம். அதற்குச் செலவு ஏதுமில்லை.

காலமறிதலில் இன்னொன்றும் அடங்கும். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை விட்டுவிட்டு, நேரே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கி இரண்டாண்டுகள் மனப்பாடம் செய்விக்கும் வழக்கம் சில பள்ளிகளில் வேரூன்றியிருந்தது. பொதுத்தேர்வில் மதிப்பெண் வந்தது. ஆனால் நுழைவுத்தேர்வுகள் இரண்டு வகுப்புப் பாடங்களிலிருந்தும் வினா எழுப்பியபோதும், கல்லூரியின் முதற்பருவக் கணிதம் பதினொன்றாம் வகுப்பின் அடிப்படையை எதிர்பார்த்தபோதும் அம்மாணவர் தடுமாறினர். இந்த வழக்கத்தைத் தடுக்கவே 2017-18 கல்வியாண்டில் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. பின்னர் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. பொதுத்தேர்வு இல்லாத ஆண்டு ஓய்வுக்குரிய ஆண்டு என்று கருதுவோருக்கு 2021-ஆம் ஆண்டு ஒரு செய்தி வைத்திருக்கிறது. பெருந்தொற்றால் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு நடத்தப்படாத அவ்வாண்டில், பத்தாம் வகுப்பிலிருந்து 50 விழுக்காடும், பதினொன்றாம் வகுப்பிலிருந்து 20 விழுக்காடும், பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறை மற்றும் அகமதிப்பீட்டிலிருந்து 30 விழுக்காடும் கொண்டு இறுதி மதிப்பெண் கணக்கிடப்பட்டது. எவரும் பார்க்கப்போவதில்லை என்று எண்ணி எழுதிய தேர்வுகளும் அன்று கணக்கில் வந்தன.

இருநூற்றின் கணக்கு

வலியறிதல் என்பது தன் வலிமையை மட்டுமன்றி, அந்த வலிமை எந்த அளவுகோலால் அளக்கப்படும் என்பதையும் அறிதலே. தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கான நுழைவுத்தேர்வு 2007-இல் நீங்கிய பின், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அளவுகோலாயிற்று. கணிதத்தின் 100 மதிப்பெண் அப்படியே எடுத்துக்கொள்ளப்படும். இயற்பியலும் வேதியியலும் ஒவ்வொன்றும் பாதியாக்கப்படும். மூன்றும் சேர்ந்து 200. இதையே தகுதி மதிப்பெண் என்றும், பேச்சு வழக்கில் கட்-ஆஃப் என்றும் கூறுகின்றனர்.

ஒரு மாணவி கணிதத்தில் 80, இயற்பியலில் 90, வேதியியலில் 90 பெறுகிறார் என்று கொள்வோம். அவருடைய தகுதி மதிப்பெண் 170. மற்றொருவர் கணிதத்தில் 95, மற்ற இரண்டிலும் 75 பெறுகிறார். மூன்று பாடங்களின் கூட்டுத்தொகையில் அவர் 15 மதிப்பெண் பின்தங்கியிருக்கிறார். ஆயினும் அவருடைய தகுதி மதிப்பெண்ணும் 170-தான். இருவரும் சமநிலையில் நின்றால் கணித மதிப்பெண் முதலில் ஒப்பிடப்படும்; இரண்டாமவர் முன்னே சென்றுவிடுவார். இதைப் பதினொன்றாம் வகுப்பின் தொடக்கத்தில் அறிந்த மாணவர் தம் மாலை நேரத்தைப் பங்கிடும் முறையே வேறாக இருக்கும்.

கலை அறிவியல் கல்லூரிகளின் கணக்கு வேறு. அங்கே பெரும்பாலான பாடங்களுக்கு நான்கு முதன்மைப் பாடங்களின் 400 மதிப்பெண் பார்க்கப்படும். தமிழ் இலக்கியத்திற்குத் தமிழ்ப் பாட மதிப்பெண்ணும், ஆங்கில இலக்கியத்திற்கு ஆங்கிலப் பாட மதிப்பெண்ணும் பார்க்கப்படும். "தமிழும் ஆங்கிலமும் கட்-ஆஃபில் வராது" என்று மொழிப்பாட வேளையில் இயற்பியல் கணக்கைப் போட்டுக்கொண்டிருப்போர் இதை அறிந்துகொள்வது நன்று. சட்டம், இதழியல், குடிமைப்பணி என எத்துறைக்குச் சென்றாலும், எண்ணியதைத் திருத்தமாக எழுத வேண்டியிருக்கும் என்பது வேறு செய்தி.

அறியப்படாத வாசல்கள்

பொறியியல், மருத்துவம் என்னும் இரண்டு சொற்களுக்குள்ளேயே பல வீடுகளின் உரையாடல் முடிந்துவிடுகிறது. உயிரியல் படித்தவர் நீட் தேர்வில் வெற்றிபெறாவிடின் எல்லாம் முடிந்தது என்று சோர்வது ஆண்டுதோறும் காணும் காட்சி. அச்சோர்வு சில வீடுகளில் ஆறாத துயரமாகவும் முடிந்திருக்கிறது. இன்றைய நடைமுறையில் தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவம், வேளாண்மை, மீன்வளம், செவிலியர் பட்டம், மருந்தியல் ஆகியவற்றின் மாநில இடங்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே போதுமானது. இதைத் தேர்வுக்கு முன்பே அறிந்த மாணவர் ஒரு தேர்வின் முடிவில் தம் முழு வாழ்வையும் வைக்கமாட்டார். மருத்துவம் தவறியபின் வேறு வழியின்றிச் சேரும் படிப்பாக இவற்றைக் கருதுவதும் பிழை. கோயம்புத்தூர் வேளாண் கல்லூரி 1906 முதல் அங்கே இயங்கிவருகிறது. அதன் வயல்களில் உருவான நெல் இரகங்களைத்தான் அம்மாணவரின் தாத்தா நட்டிருப்பார்.

வணிகவியல் மாணவர், பட்டயக் கணக்கர் படிப்பின் அடிப்படைநிலைத் தேர்வைப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவுடன் எழுதலாம். பத்தாம் வகுப்பு முடித்தவரே அதற்குப் பதிவுசெய்துகொள்ளவும் இயலும். சட்டத்தின் ஐந்தாண்டுப் படிப்பு எல்லாப் பிரிவினருக்கும் உரியது. அதில் இரண்டு வழிகள் உள்ளன: மாநில அரசின் சட்டக் கல்லூரிகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண், தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு மேலே கண்ட கிளாட். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2020-இல் இணையவழித் தரவு அறிவியல் பட்டப்படிப்பைத் தொடங்கியது. பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்து, பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பிரிவில் தேறியவரும் அதன் நான்கு வாரத் தகுதிநிலைப் பயிற்சியை முடித்து, தேர்வெழுதி உள்ளே செல்லலாம், ஜே.இ.இ. தேவையில்லை. மாமல்லபுரத்தில் சிற்பமும் மரபுக் கட்டடக்கலையும் பட்டப்படிப்பாகக் கற்பிக்கும் அரசுக் கல்லூரி 1957 முதல் இருக்கிறது. அதைக் கடந்து கடற்கரைக் கோயிலுக்குச் சுற்றுலா செல்லும் பள்ளிப் பேருந்துகள் ஒருமுறை அங்கேயும் நின்றால் நன்றாயிருக்கும்.

பதினொன்றாம் வகுப்பில் எடுத்த பிரிவு சில வாசல்களை உண்மையிலேயே மூடிவிடும். கணிதம் இல்லாதவர் பெரும்பாலான பொறியியல் பிரிவுகளுக்குச் செல்ல இயலாது. தவறான பிரிவில் சேர்ந்ததாக உணர்வோர் முதற்சில வாரங்களுக்குள் தலைமையாசிரியரிடம் பேசிவிட வேண்டும். அரையாண்டுக்குப் பிறகு பேசிப் பயனில்லை.

தாளும் மையும்

இக்கட்டுரையின் சுவையற்ற பகுதி இதுவே. ஆனால் கண்ணீர் மிகுதியாகச் சிந்தப்படுவது இவ்விடத்தில்தான்.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் ஒரு வகையாகவும், ஆதார் அட்டையில் வேறு வகையாகவும் பெயர் இருப்பின் அதைத் திருத்தப் பதினொன்றாம் வகுப்பே ஏற்ற காலம். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் ஆகியவை எல்லோரும் அறிந்தவை. மத்திய அரசின் கல்வி நிறுவனங்களில் இதர பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டைப் பெற, மாநிலச் சாதிச் சான்றிதழ் போதாது; அதற்கென உள்ள தனிப்படிவத்தில் சான்று பெற வேண்டும். இதைப் பலர் கலந்தாய்வு நாளில்தான் அறிகின்றனர்.

குடும்பத்தில் எவரும் பட்டம் பெறாதிருப்பின், முதல் பட்டதாரிச் சான்றிதழ் பெற்று, கலந்தாய்வு வழியாகத் தொழிற்கல்வியில் சேருவோருக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. 2010 முதல் நடைமுறையிலுள்ள இச்சலுகை ஒரு குடும்பத்தில் ஒருவருக்கே உரியது. ஜோஹராவின் வளையல்கள் சென்ற அதே எம்.ஐ.டி. இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகம். அதன் இடங்களும் இருநூற்றின் கணக்கிலேயே நிரப்பப்படுகின்றன. இன்றைய படகுக்காரரின் மகன் அங்கே செல்ல, நகைக்கடைக்கு முன் வட்டாட்சியர் அலுவலகத்தை நாடினால் போதும்.

அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு மருத்துவத்தில் 2020-லும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றில் 2021-லும் வந்தது. 6-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருப்பது இதன் அடிப்படை நிபந்தனை. பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற பிள்ளையை, கடன் வாங்கியாவது தனியார் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் சேர்க்கும் பெற்றோர் உண்டு. பிள்ளையின் நன்மைக்காகவே அதைச் செய்கின்றனர். அந்தச் சேர்க்கைப் படிவத்தில் கையொப்பமிடும்போது எதைக் கைவிடுகிறோம் என்பதை அவர்களுக்கு எவரும் சொல்வதில்லை.

தொலைவு என்னும் சொல்

மகளின் படிப்பைப் பற்றிய பேச்சில் 'தொலைவு' என்னும் சொல் விரைவில் வந்துவிடும். மகனுக்கு இருநூறு கிலோமீட்டர் தொலைவு என்பது ஒரு பேருந்துச் சீட்டு; மகளுக்கு இருபது கிலோமீட்டரும் தடையாகும். பெற்றோரின் அச்சம் பொருளற்றதன்று. மாலை ஆறு மணிக்குப் பின் பேருந்து இல்லாத ஊர்கள் இன்றும் உள்ளன. ஆயினும் அச்சத்தை அச்சமாகவே விட்டுவைப்பதற்கும், விடுதி எங்குள்ளது, அதற்குப் பொறுப்பாளர் யார், ஊரிலிருந்து அங்கே படிப்பவர் எவர் என்று விசாரித்து அறிவதற்கும் வேறுபாடு உண்டு. விசாரித்தறிய மே மாதத்தின் இரண்டு வாரங்கள் போதா. பதினொன்றாம் வகுப்பிலிருந்தே வீட்டில் மெல்ல மெல்லப் பேசி, ஒருமுறை தாயையோ தந்தையையோ அக்கல்லூரிக்கு அழைத்துச் சென்று காட்டிய மகளின் வேண்டுகோளுக்கு வலிமை மிகுதி.

அரசும் இத்திசையில் ஓர் அடி எடுத்துவைத்தது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களின் திருமணத்திற்கு வழங்கப்பட்டுவந்த நிதியுதவி, 2022-இல் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றப்பட்டது. புதுமைப்பெண் திட்டம் என்று அறியப்படும் இதன்வழி, அரசுப் பள்ளியில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை படித்த மாணவியர் உயர்கல்வியில் சேர்ந்தால் மாதம் 1000 ரூபாய் அவர்தம் வங்கிக் கணக்கில் சேரும். மாணவர்க்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024-இல் வந்தது. ஆயிரம் ரூபாய் பெரிய தொகையன்று. பேருந்துக் கட்டணத்திற்கும் குறிப்பேட்டிற்கும் தந்தையிடம் கேட்க வேண்டியதில்லை என்னும் நிலையின் மதிப்பை, கேட்டுக் கேட்டுப் படித்தவர்களே அறிவர்.

கல்விக் கடனைப் பற்றியும் ஒரு சொல். 4 இலட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்கு வங்கிகள் சொத்துப் பிணை கேட்பதில்லை என்பது பொதுவிதி. கடன் என்றவுடன் அஞ்சி ஒதுங்குவோரும் உண்டு. கடன் கிடைக்கிறது என்பதற்காகவே மிகுந்த கட்டணமுள்ள கல்லூரியைத் தேர்வோரும் உண்டு. பின்னவர் செய்வது ஆபத்து மிகுந்தது.

வீடு தேடி வருவோர்

ஏப்ரல், மே மாதங்களில் சிலர் வீடு தேடி வருவர். அழகிய கையேடும், பழகிய பேச்சும், "இந்த வாரத்திற்குள் சேர்ந்தால் கட்டணம் குறைவு, மடிக்கணினி இலவசம்" என்னும் உறுதிமொழியும் கொண்டுவருவர். ஒரு மாணவரைச் சேர்த்தால் இவ்வளவு என்று தரகு பெறுவோர் இவர்களுள் பலர். இவர்களின் பேச்சு எடுபடுவதற்குக் காரணம் அதன் திறமை மட்டுமன்று. அவ்வீட்டில் கல்லூரியைப் பற்றிப் பேச முதன்முதலாக வந்தவர் அவராகவே இருக்கிறார். காலியாக இருந்த இடத்தில் அவர் அமர்ந்துகொண்டார்.

அவரிடம் கேட்க வேண்டியவை சிலவே. கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது? அந்தப் படிப்புக்கு உரிய ஒப்புதல் நடப்பாண்டுக்கு உள்ளதா? விடுதி, பேருந்து, தேர்வு உள்ளிட்ட மொத்தச் செலவு எவ்வளவு, அதை எழுத்தில் தருவீர்களா? இடையில் விலகினால் மூலச் சான்றிதழ்களும் கட்டணமும் எப்போது திரும்பக் கிடைக்கும்? பொறியியல் கலந்தாய்வில் ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. ஒன்றைப்போலவே பெயருடைய கல்லூரிகள் பல இருப்பதால் பெயரை நம்பாமல் எண்ணை நம்புவது நன்று. பெயரில் மயங்கி வேறு மாவட்டக் கல்லூரியைப் பட்டியலில் முதலில் வைத்துவிட்டோர் உண்டு.

ஊருக்கு வரும் மூத்தோர்

பள்ளிகளில் உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியர் இருக்கிறார். 2022-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின்கீழ்க் கல்லூரிக்கனவு நிகழ்ச்சிகள் நடைபெறுகின்றன. மாணவர் இவற்றைப் பயன்கொள்ள வேண்டும். எனினும் மேடையிலிருந்து பேசுவோர் பொதுவானவற்றையே பேச இயலும். அந்தப் பள்ளியின் அதே பெஞ்சில் அமர்ந்து, அதே பேருந்தில் வந்து, இப்போது இரண்டாமாண்டு படிக்கும் ஒருவர் சொல்வது வேறு வகையானது.

அத்தகையோர் பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வருவர். கோயில் திடலிலோ மட்டைப்பந்து ஆட்டத்திலோ அவர்களைக் காணலாம். பதினொன்றாம் வகுப்பு மாணவர் அருகே சென்று கேட்கலாம். முதல் பருவத்தில் எந்தப் பாடம் கடினமாக இருந்தது? தமிழ்வழியில் படித்தது எவ்வளவு நாள் இடராக இருந்தது, அதை எப்படிக் கடந்தீர்கள்? இந்தப் பாடத்தை மீண்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதையே தேர்வீர்களா? சேரும்போது சொன்ன கட்டணத்திற்கும் பின்னர் கட்டியதற்கும் எவ்வளவு வேறுபாடு? வகுப்பில் பாதிக்கு மேற்பட்டோர் முதல்முறையிலேயே தேறுகின்றனரா? ஆய்வகத்தில் கருவியைத் தொடவிடுகின்றனரா, தொலைவில் நின்று பார்க்கச் சொல்கின்றனரா? கேட்பதில் நாணம் வேண்டியதில்லை. விடுதியில் சோறு எப்படி இருக்கும் என்பதையும் கேட்கலாம்; அதற்கு மட்டும் விடை நெடுநேரம் வரும்.